நாலாவது வளைவில் ஒரு குருசடி

பல் டாக்டர் பிரபாகரனுக்கு பிரேக்கைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை. அதை எப்போது மிதிப்பது என்பதில் மட்டும்தான் கொஞ்சம் தகராறு.

இராமநாதபுரத்தில் அவருக்குக் கிளினிக். கோயம்புத்தூரில் ஒருநாள் கார் ரேஸ் பயிற்சி வகுப்புக்குப் போய் வந்த கையோடு ‘சேது மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்’பை ஆரம்பித்தார். தலைவர் தேர்தல் முறைப்படிதான் நடந்தது. மற்றவர்களுக்குத் தேதி தெரியாததால் அவர் போட்டியின்றி வென்றார்.

உச்சிப்புளிக்குத் தெற்கே கைவிடப்பட்ட உப்பளம் ஒன்றுதான் எங்கள் மைதானம். உச்சிப்புளியில் செல்போன் கடை வைத்திருக்கும் முஸ்அபின் மாமாவுக்குச் சொந்தமான இடம். அதனால் முஸ்அப் கிளப்பின் செயலாளர், புகைப்படக்காரர், நேரம் பார்ப்பவர். ஓடுபாதையைக் காட்ட முதலில் ஆரஞ்சு நிறக் கோன்கள் வாங்கினோம். அவை ஒவ்வொன்றாக மறைந்தன. ஒன்று பாம்பனில் ஒரு வீட்டு வாசலில் கோழிக்குஞ்சுகளுக்குக் கூரையாக இருப்பதை நானே பார்த்தேன். அதன் பிறகு காலித் தண்ணீர்க் கேன்களில் மண்ணை நிரப்பி நிறுத்தினோம். கேன் விழுந்தால் ஓடிய நேரத்தோடு அபராத நேரம் சேரும்.

நான் டிலக்ஷனா. மண்டபம் அகதிகள் முகாமில் இருக்கிறேன். இராமநாதபுரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நானும் கிறிஸ்டினாவும் ஒன்றாக வேலை பார்க்கிறோம். அவளுக்காகத்தான் கிளப்புக்கு வந்தேன். அங்கே என் பதவி, நாலாவது வளைவு. கையில் சிவப்புக் கொடி, தலைக்கு மேல் குடை, மடியில் ஒரு மொழிபெயர்ப்பு நாவல். நாவலில் பனி பெய்துகொண்டே இருக்கும். உப்பளத்தில் தென்மேற்குக் கச்சான் காற்றில் வெள்ளைத் தூசி பறந்துகொண்டே இருக்கும். ஏதாவது ஒரு கார் வந்து கேனைத் தட்டினால் எழுந்து போய் நிமிர்த்தி வைப்பேன். திரும்பி வந்து பனியில் உட்காருவேன்.

ஞாயிறு காலைகள் டாக்டரின் சொற்பொழிவோடு தொடங்கும்.

“பிரேக்குங்கிறது பல்லு பிடுங்குற மாதிரி. வெடுக்குன்னு இழுத்தா தாடையே போயிரும். நேரா போறப்பவே அழுத்தமா மிதிக்கணும். வண்டியோட கனம் பூரா முன்சக்கரத்துக்கு வரும். டயர் தரையைக் கவ்வும். அப்புறம் காலை மெல்ல மெல்ல எடுத்துக்கிட்டே ஸ்டியரிங்கைத் திருப்பணும். வளைவுக்குள்ள போயிட்டு பிரேக்கைத் தேடுறவன் டிரைவர் இல்ல, பேஷன்ட்.”

அத்தனையும் சரி. நான் வேறு இடங்களில் தேடிப் படித்தும் பார்த்துவிட்டேன். சொல்லி முடித்ததும் அவர் காரில் ஏறுவார், முதல் வளைவுக்குள் போவார், பிரேக்கைத் தேடுவார். கேன்கள் பறக்கும். “இதான் தப்பு, பாத்தீங்களா?” என்று இறங்கி வருவார். தப்புகளை இவ்வளவு தெளிவாகச் செய்து காட்டும் ஆசிரியர் கிடைக்க நாங்கள் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

அந்த வருடம் கோயம்புத்தூரில் மண்டலப் போட்டி வந்தது. ஒவ்வொரு கிளப்பும் இரண்டு பேரை அனுப்பலாம். எங்கள் கிளப் விதிப்படி ஒரு இடம் நிறுவனருக்கு. விதியை எழுதியது யார் என்று சொல்லத் தேவையில்லை. மிச்சம் இருந்த ஒரே ஒரு இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் பாண்டித்துரை, டைல்ஸ் கடைக்காரர் மகன். அவன் காரின் பின்பக்கம் பெரிய இறக்கை ஒன்று பொருத்தியிருந்தது, அதுவரை பறந்ததில்லை. இன்னொருத்தி கிறிஸ்டினா.

கிறிஸ்டினாவிடம் இருந்தது அவள் அப்பா வாங்கிப் போட்ட பழைய வெள்ளை மாருதி. வீடு தங்கச்சிமடத்தில். அவள் அம்மா புஷ்பமேரி ஒரு நாள் எனக்கும் சேர்த்துத் தட்டில் சோற்றைப் போட்டபடி தீர்ப்பைச் சொன்னார்.

“இந்தா பாரு. அந்த ஒரு எடம் கெடச்சா வண்டி ஒனக்கு. நீ என்னமும் பண்ணிக்க, நான் கேக்கல. கெடைக்கலயா, மறுநாளே சாவிய அண்ணன் கையில குடுத்துரணும். அவன் தனுஷ்கோடிக்கு ஆள் ஏத்திப் பொழைக்கட்டும்.”

அண்ணன் ஜோஸ்வா பக்கத்தில் உட்கார்ந்து மீன் முள்ளைப் பொறுமையாக எடுத்துக்கொண்டிருந்தான். “நான் ஒன்னும் அவசரப்படல,” என்றான். பின்பக்கக் கண்ணாடிக்கு ‘ஜோஸ்வா டிராவல்ஸ் – தனுஷ்கோடி, அரிச்சல்முனை’ என்று ஸ்டிக்கர் அடித்து வந்து அலமாரியில் வைத்திருந்தவன் வேறு எப்படிப் பேசுவான்?

கார் போனால் கிறிஸ்டினாவுக்கு வேறு கார் இல்லை. என் பக்கத்தில் இன்னொரு குடை போட்டு உட்கார வேண்டியதுதான்.

பாண்டித்துரையும் அவளும் கிட்டத்தட்ட ஒரே வேகம். மூன்று வளைவுகளில் அவன் ஒரு மயிரிழை முன்னால் இருப்பான். நாலாவதில் அவள் பிடித்துவிடுவாள். நீளமான நேர்ப்பாதை முடிந்து சட்டென்று இடப்பக்கம் திரும்பும் வளைவு அது. எல்லோரும் அங்கே வெளிப்பக்கம் ஒதுங்கிப் போவார்கள். அவள் கார் மட்டும் ஒதுங்கப் போய், கடைசி நொடியில் மூக்கை உள்ளே திணித்து, வாலை லேசாக ஆட்டிவிட்டுப் போகும். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. நாவலில் ஒருவன் குதிரை வண்டியோடு பனியில் தொலைந்துபோன இடத்தில் அலுப்புத் தட்டி நிமிர்ந்தேன். வெள்ளை மாருதி வளைவுக்குள் வந்தது. உள்ளே கிறிஸ்டினாவின் வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுந்தது. ஹெல்மெட்டின் நெற்றி, மார்பு, இடது தோள், வலது தோள். கடைசியில் விரல் நுனிகளைக் குவித்து ஹெல்மெட்டின் முகவாய்க்கு ஒரு முத்தம். அதற்குள் கார் வளைவைத் தாண்டியிருந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் சீமைக்கருவேலப் புதர். அதைத் தாண்டி நீலமும் வெள்ளையும் அடித்த அந்தோனியார் குருசடி, ஒரு சின்னக் கோயில். அதன் தலையில் சிலுவை. புதர் மறைப்பதால் வளைவுக்குள் வந்த பிறகுதான் அது ஓட்டுகிறவர் கண்ணில் படும்.

டீ குடிக்கும்போது கேட்டேன். “ஏண்டி, நாலாவது வளைவுல சிலுவை போடுற?”

“நானா? சும்மா அடிச்சு விடாத.”

“ஹெல்மெட்டுக்கு முத்தம் வேற குடுத்த.”

அவள் டம்ளரை இறக்கினாள். “அங்கன குருசடி இருக்கா?”

இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது, அவள் கைக்குத் தெரிந்திருந்தது. பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வரை ஸ்கூட்டியில் அவள் பின்னால் உட்கார்ந்து போனவளுக்கு இதில் ஆச்சரியம் இல்லை. குருசடி வரும், ஆக்சிலேட்டர் தளரும், கை எழும், என் உயிர் ஒரு நொடி இறங்கி நிற்கும். இதெல்லாம் நடக்கும்போது பேச்சு மட்டும் நிற்காது. பக்கத்து வீட்டுக்காரியின் நாத்தனாரைத் திட்டுவதில் ஒரு சொல்லும் குறையாது.

விஷயம் எங்கள் இருவரோடு நின்றிருக்கும். ஆனால் முஸ்அப் அந்த வாரம்தான் புதிதாகக் கேமரா வாங்கி ஒரு கம்பியில் கட்டி நாலாவது வளைவில் நட்டிருந்தான். பக்கவாட்டிலிருந்து எடுத்த படம். தூசிக்கு நடுவே வலது கை ஸ்டியரிங்கை விட்டு எழுவது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. டாக்டர் அதை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தார். திரும்ப ஓடவிட்டார். எக்ஸ்ரேயில் சொத்தையைக் கண்டவரின் சந்தோஷம் முகத்தில் பரவியது.

“ஒத்தக்கை டெக்னிக்!”

“சார், டெக்னிக் எல்லாம் இல்ல சார்,” என்றாள் கிறிஸ்டினா. “சிலுவை போட்டேன். அங்கன குருசடி இருக்குல்ல.”

பாண்டித்துரை சிரித்தான். “ஏ, விடு கிறிஸ்டினா. சொல்ல இஷ்டமில்லன்னா இல்லன்னு சொல்லு. சாமிய எதுக்கு உள்ள இழுக்குற?”

டாக்டர் தரையில் குச்சியால் ஒரு காரையும் அதற்குள் ஒரு தோளையும் வரைந்தார். “வலது கை வெளிய வந்தா தோள் தளருது. தோள் தளர்ந்தா இடுப்பு தளருது. இடுப்பு தளர்ந்தா வண்டி தானா உள்ள திரும்புது.”

“கை எடுக்குறப்ப காலையும் எடுக்குறா சார்,” என்றேன். “ஆக்சிலேட்டரை விட்டதும் கனம் முன்னால வருது. அதனாலதான் மூக்கு உள்ள போகுது. நீங்க சொன்னதுதானே?”

“டிலக்ஷனா, நீங்க கொடியப் பாத்துக்கங்க.”

பார்த்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறு கொடியோடு நான் பார்த்தது இதுதான். கிளப்பில் கார் வைத்திருந்த அத்தனை பேரும் நாலாவது வளைவில் பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுகிறவர்கள் போல வலது கையைத் தூக்கினார்கள். கால் ஆக்சிலேட்டரை விட்டு அசையவில்லை. கேன்களை நிமிர்த்தி நிமிர்த்தி அன்றைக்கு ஒரு பக்கம்கூடப் படிக்க முடியவில்லை.

கிறிஸ்டினா கையைத் தூக்கவில்லை. அதுதான் பெரிய விபரீதம். ‘சிலுவை போடக்கூடாது, போடக்கூடாது’ என்று நினைத்துக்கொண்டே இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை நெரித்தபடி வந்தாள். கை எழவில்லை, அதோடு காலும் எழவில்லை. கார் வளைவை ஒரு யோசனையாகக்கூட எடுத்துக்கொள்ளாமல் நேராகப் போனது. வெளிப்பக்கக் கேன்களை வரிசையாகச் சாய்த்து, கருவேலத்தின் முதல் முள்ளுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

ஓடிப் போனேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். “போச்சுடி,” என்றாள் உள்ளிருந்து. “அண்ணன் ஸ்டிக்கரை எடுத்துட்டு வந்துருவான்.”

அவள் வீட்டில் புஷ்பமேரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தார். “அந்தோனியார்தான் இம்புட்டு நாளும் வளைவுல காப்பாத்திருக்காரு. நீ எதுக்குடி கையைக் கட்டிப் போடுற?”

அன்றைக்கு மாலை பாம்பன் பாலத்தில் ஸ்கூட்டியை ஓரமாக நிறுத்தி இருவரும் யோசித்தோம். கீழே வள்ளங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பாலத்துக்கடியில் போய்க்கொண்டிருந்தன.

“அம்மா சொல்றது ஒரு வகையில சரிடி,” என்றேன். “நேர்ப்பாதையில நீ போடுற பிரேக் பத்தாது. அந்த வேகத்தோட உள்ள போனா வண்டி வெளியதான் போகும். குருசடியப் பாத்ததும் கால் தானா எழும்பி உன்னைக் காப்பாத்துது. இப்ப அதையும் நிப்பாட்டிட்ட.”

“அப்ப என்ன செய்யணும்?”

“நேரா போறப்பவே அழுத்தமா பிரேக் போடணும். அப்புறம் மெல்ல மெல்லக் காலை எடுத்துக்கிட்டே திருப்பணும்.”

அவள் என்னை வெறித்தாள். “அதைத்தானே அந்தாளு வாராவாரம் கத்துறாரு?”

“ஓம்.”

“அவரு சொல்றது சரின்னு சொல்ல வாரியா?”

“அதுதான் எனக்கும் கஷ்டமா இருக்கு.”

ஆனால் சரியானதைத் தெரிந்துகொண்டால் கை கேட்குமா? குருசடியைக் கண்டால் எழுந்தே தீரும். எழக்கூடாது என்று பிடித்து வைத்தால் மற்ற எல்லாம் கெடும். திரும்பி வரும் வழியில் அவள் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்று புலப்பட்டது. குருசடி பக்கத்தில் வரும்போது கை எழுவதில்லை. சிலுவையின் தலை முதன்முதலாகத் தெரியும் கணத்தில் எழுகிறது. ஒருமுறை போட்டுவிட்டால் அந்தக் குருசடிக்குக் கணக்குத் தீர்ந்தது.

“உன் கையை நிப்பாட்ட வேணாம்,” என்றேன். “புதரை வெட்டுவோம்.”

முஸ்அபிடம் கேட்டோம். “வெட்டிக்கங்க, எங்க மாமா ஒங்களுக்கு துஆ செய்வாரு,” என்றான். கோயம்புத்தூருக்கு ஆள் எடுக்கும் தேர்வுக்கு முந்தின நாள் ஆளுக்கொரு அரிவாளோடு போனோம். சீமைக்கருவேலத்தை வெட்டுவது என்பது அதனிடம் குத்து வாங்குவதற்கு நாகரிகமான பெயர். உச்சிப்புளி விமானத் தளத்திலிருந்து கிளம்பிய ஒரு விமானம் எங்கள் தலைக்கு மேல் தாழப் பறந்து, அரிவாளும் கையுமாக நின்ற இரண்டு பெண்களைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டுப் போனது. இருட்டுவதற்குள் புதர் தரையோடு படுத்தது. நேர்ப்பாதையின் தொடக்கத்தில் போய் நின்று பார்த்தோம். தூரத்தில் நீலமும் வெள்ளையுமாய் குருசடி. சொல்லி வைத்தாற்போல் கிறிஸ்டினாவின் கை எழுந்தது.

“இங்கனயே போட்டாச்சு,” என்றாள். “இனி வளைவு வரைக்கும் ரெண்டு கையும் சும்மாதானே இருக்கு.”

தேர்வு நாளில் ஜோஸ்வா வந்திருந்தான். தங்கைக்கு ஊக்கம் கொடுக்க வந்ததாகச் சொன்னான். கையில் சுருட்டிய ஸ்டிக்கர்.

பாண்டித்துரை நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிவிட்டுக் கற்பூரம் காட்டினான். அதைப் பார்த்து யாரும் புருவம் உயர்த்தவில்லை. கார் என்றால் அதெல்லாம் செய்ய வேண்டியதுதான். சிலுவை போட்டாள் என்பதைத்தான் இதே ஆட்களால் நம்ப முடியவில்லை.

ஓடுபாதையைத் திறந்து வைக்க டாக்டர் முதலில் ஓட்டினார். நாலாவது வளைவில் ஒற்றைக் கையை உயர்த்தினார். கார் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. கண்ணாடியை இறக்கி என்னிடம், “தரை எப்படி இருக்குன்னு செக் பண்ணேன்,” என்றார். தரை நன்றாக இருந்தது. கேன்கள்தான் இல்லை.

அடுத்து பாண்டித்துரை. முதல் மூன்று வளைவுகளும் அருமை. பிரேக் நேராகப் போட்டு, காலை மெல்ல எடுத்து, ஒரு கேனைக்கூடத் தொடாமல் வந்தான். அப்படியே நாலாவதையும் எடுத்திருந்தால் இந்தக் கதையில் கடைசியில் ஜோஸ்வா சிரித்திருப்பான். ஆனால் பாண்டித்துரைக்கு இரகசியம் தெரிந்துவிட்டதே. ஆக்சிலேட்டரில் கால் அழுத்தமாக இருக்க, வலது கை கம்பீரமாக எழுந்தது. கார் கேன் வரிசைக்குள் புகுந்தது. ஒரு கேன் காருக்கு அடியில் சிக்கி, கடகடவென்று சத்தம் போட்டபடி அவனோடு கடைசிக் கோடு வரை போனது.

பிறகு வெள்ளை மாருதி. முதல் மூன்றில் அவள் சுமார்தான். மூன்றாவதில் ஒரு கேன் ஆடியது, விழவில்லை. நேர்ப்பாதைக்குள் திரும்பினாள். நாவலை மூடித் தரையில் வைத்துவிட்டேன். வெள்ளைத் தூசிக்கு முன்னால் கார் பெரிதாகிக்கொண்டே வந்தது. கண்ணாடிக்குள் அவள் கை எழுந்தது. நெற்றி, மார்பு, தோள், தோள், முத்தம். கை ஸ்டியரிங்குக்குத் திரும்பியது. உடனே காரின் மூக்கு தரையை நோக்கி அமுங்கியது. பிரேக். அழுத்தமான, நேரான பிரேக். மூக்கு மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டே இடப்பக்கம் திரும்பியது. வால் ஆடவில்லை, டயர் கத்தவில்லை. உள்பக்கக் கேனை ஒட்டி நழுவி, நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வேகம் பிடித்துப் போய்விட்டது.

வேடிக்கை பார்க்க வந்த பையன்கள் ஏமாந்து போனார்கள். “என்னலே, சும்மா கடைக்குப் போற மாதிரி போகுது?” என்றான் ஒருவன்.

முஸ்அப் கையிலிருந்த போனைப் பார்த்தான். தட்டிப் பார்த்தான். “சார், கிறிஸ்டினாதான். இதுவரைக்கும் யாரும் வராத நேரம்.”

டாக்டர் கேமராவை வாங்கி நாலாவது வளைவை ஓடவிட்டார். வளைவு முழுக்க அவள் இரண்டு கையும் ஸ்டியரிங்கில். அவர் முகம் சுருங்கியது.

“நேரம் நல்லாதான் இருக்கு. ஆனா டெக்னிக் இல்லயேம்மா. ஏதோ அதிர்ஷ்டத்துல வந்துருக்கு. கோயம்புத்தூர் வரைக்கும் போய் நம்ம கிளப் பேரு கெட்டுரக் கூடாது பாருங்க. பாண்டித்துரை டெக்னிக்கைச் செஞ்சாரு. கொஞ்சம் சரியா அமையல, அவ்வளவுதான்.”

ஜோஸ்வா ஸ்டிக்கரின் ரப்பர் பேண்டைக் கழற்றினான். கிறிஸ்டினா ஹெல்மெட்டை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

தன் காருக்கு அடியில் படுத்துக் கேனை இழுத்துக்கொண்டிருந்த பாண்டித்துரை அங்கிருந்தே குரல் கொடுத்தான். “சார், என்னை அனுப்புனா கேனையும் சேத்துத்தான் அனுப்பணும். அது வர மாட்டேங்குது.”

அப்போதுதான் முஸ்அப் வாயைத் திறந்தான். “சார், கை எடுத்துருக்கு சார். இங்கன பாருங்க, வளைவுக்கு ரொம்ப முன்னாலயே.”

டாக்டர் குனிந்தார். தூரத்தில், நேர்ப்பாதையில், கண்ணாடிக்குள் புள்ளியாய் ஒரு கை எழுந்து இறங்கியது. அவர் நிமிர்ந்தபோது முகத்தில் வெளிச்சம் திரும்பியிருந்தது.

“அட்வான்ஸ்டு! முன்கூட்டிய ஒத்தக்கை! தோளை முதல்லயே தளர்த்திட்டு அப்புறம் பிரேக். இதை நான் அடுத்த வாரம் சொல்லிக் குடுக்கலாம்னு இருந்தேன். எங்க கத்துக்கிட்டம்மா?”

கிறிஸ்டினா வாயைத் திறந்தாள். அவள் குருசடி என்று சொல்வதற்குள் அவள் காலை மிதித்தேன். அழுத்தமாக, நேராக.

“உங்ககிட்டதான் சார்,” என்றாள்.

இடம் அவளுக்குக் கிடைத்தது. அவளிடமிருந்து கற்றுக்கொண்டவர் தன்னிடமிருந்து கற்றவளை அனுப்பி வைக்கிற பெருமையோடு கை குலுக்கினார்.

வீட்டுக்குப் போகும்போது ஜோஸ்வா பின் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டிக்கரை மறுபடி சுருட்டிக்கொண்டிருந்தான். வாக்குக் கொடுத்தது அம்மா. அம்மாவிடம் அவன் மேல்முறையீடு செய்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு கடைசி நம்பிக்கை அவனை விடவில்லை.

“கோயம்புத்தூர்ல அந்த மைதானத்துல குருசடி இருக்காதே,” என்றான்.

“இருக்காது,” என்றாள் கிறிஸ்டினா.

“அப்ப என்ன பண்ணுவ?”

“பிரேக் இருக்கும்ல.”

“இப்ப பேசுவ.” அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “ஸ்டிக்கருக்குக் குடுத்த காசு போச்சு.”

“ஸ்கூட்டியில ஒட்டிக்கண்ணே. தனுஷ்கோடிக்கு ஒத்த ஆளா ஏத்திக்கிட்டுப் போ.”

மண்டபத்துக்கு முன்னால் சாலை திரும்பும் இடத்தில் தென்னைகளுக்கு நடுவே ஒரு குருசடியின் உச்சி தெரிந்தது. முன்னால் தங்கை, பின்னால் அண்ணன், இருவர் கையும் ஒரே நேரத்தில் எழுந்தன. ஸ்டிக்கர் சுருள் ஜோஸ்வாவின் மடியிலிருந்து உருண்டு கீழே விழுந்தது, அவன் கவனிக்கவில்லை. முன் இருக்கையில் இருந்த நான் சிலுவை போடுகிறவள் இல்லை. என் வலது கால் மட்டும் தானாக முன்னே போய், எனக்கு எதிரே இல்லாத ஒரு பிரேக்கைத் தரையோடு தரையாக மிதித்துக்கொண்டிருந்தது.